டப்பா அக்கா

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று நினைக்காதீர்கள். நன்றாக நினைவிருக்கிறது. எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு, அது எனக்குப் பெருமை சேர்க்கிற காரணம் இல்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் எல்லோரும் அவளை டப்பா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அக்கா என்ன அக்கா! என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் காட்டுப்பள்ளியில் கப்பலுக்கு வெல்டிங் வைத்து ரிட்டையரான கிழவர்கூட அவளை அக்கா என்பார். நான் ராயபுரத்துக்காரி, நுண்ணுயிரியலில் பட்டம், அதன் மேல் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, வெள்ளைக் கோட்டு. என்னை யாரும் அக்கா என்றதில்லை. மேடம் என்பார்கள், அதுவும் ரிசல்ட் கேட்க வரும்போது மட்டும்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரு காசநோய் ஆராய்ச்சியில். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ். முன்னறையில் நோயாளிகள், பின்னறையில் லேப். காசநோயைக் கண்டுபிடிக்கச் சளி வேண்டும். கேட்டவுடன் சளி வந்துவிடுமா? வயதானவர்களுக்கு வராது, பெண்களுக்கு வெட்கம், பலருக்கு வெறும் எச்சில்தான் வரும். அதனால் இப்போது புதிதாக ஒரு வழியைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். பஞ்சு வைத்த குச்சியால் நாக்கை நன்றாகத் தேய்த்தெடுத்து, அதை மெஷினில் போட்டுக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. குச்சி சொல்வதும் சளி சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒவ்வொருவரிடமும் இரண்டும் வாங்குவோம். குச்சியை எங்கள் ஆளே கண்முன்னால் எடுத்துவிடுவார். சளியை அவர்கள் மறுநாள் காலை எழுந்ததும் வீட்டில் இருமி, நாங்கள் கொடுத்த டப்பாவில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். குச்சி என் மேஜைக்கு வரும். டப்பா அவள் பொறுப்பு.

அவள் பத்தாவது வரை படித்தவள். எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரி. எங்களிடம் சேருவதற்கு முன்னால் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். வந்த ஒரு மாதத்திலேயே ஆபீஸில் ஒரு பேச்சு கிளம்பியது. டப்பா அக்கா கேட்டால் கல்லுகூட சளி துப்பும் என்று. நான் சிரித்தேன். சிரித்தது வாய் மட்டும்தான், வயிறு அன்றைக்கே எரிய ஆரம்பித்துவிட்டது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர் வந்தார். நெஞ்சுக்கூடு வெளியே தெரிகிற உடம்பு. மூன்று நாளாக டப்பாவில் எச்சிலைத் துப்பித் துப்பிக் கொண்டுவந்தார். வீட்டிலும் இங்கேயும் பொம்பளைகள் பார்க்க அவருக்குக் காறித் துப்ப வரவில்லை. நான் அவருக்கு விளக்கப்படம் எல்லாம் காட்டிப் பேசினேன். நுரையீரல், மூச்சுக்குழாய் என்று அம்புக்குறி போட்ட படம். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எச்சில்தான் துப்பினார். இவள் வந்தாள். அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், தானும் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நைனா, தொண்டயில வர்றது எச்சி. அத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? மூக்கால நல்லா இழு. நிறுத்து. அடிவயித்துலேர்ந்து தள்ளு. நானும் இருமுறேன், நீயும் இருமு. யாருக்கு மொதல்ல வர்துன்னு பாப்போம்."

இருவரும் முதுகோடு முதுகு நின்று இருமிய இருமலில் கீழே டயர் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பெரியவர் ஜெயித்தார். டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். அவள் அந்த டப்பாவை என் ஜன்னலில் வைத்துவிட்டு, "இந்தா லேப்பு, முதல் தரம்" என்றாள்.

லேப்பு! எனக்கு அவள் வைத்த பெயர் அது. எனக்கும் அவள் பேசுகிற பாஷைதான் பிறந்த வீட்டுப் பாஷை. ஆனால் ஆபீஸில் நான் அதைப் பேசமாட்டேன். 'நீங்க, வாங்க' என்று தள்ளி நின்று பேசுவேன். அவள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. "இன்னா லேப்பு, நாஷ்டா ஆச்சா?" என்பாள், எல்லோர் முன்னிலையிலும்.

எச்சிலாக வந்த டப்பாக்களை எழுதி வைக்க எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்த ஊழியர் வாங்கிவந்தது என்றும் அதில் எழுத வேண்டும். எல்லோர் பெயரும் அதில் இருந்தது, அவள் பெயர் இல்லை. மாதாமாதம் ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பார். அந்த 'இவங்க'ளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மிளகாய் கடித்த மாதிரி இருக்கும். இத்தனை வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். என்னைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டாமாம்.

ஒருநாள் வேண்டுமென்றே அவள் கொண்டுவந்த ஒரு டப்பாவை 'எச்சில்' என்று எழுதினேன். நல்ல சளிதான். கெட்டியாக, மஞ்சளாக, குறை சொல்ல முடியாத சளி. எழுதிவிட்டு அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். என்னென்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். அவள் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "செரி லேப்பு, நீ சொன்னா செரிதான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் அத்திப்பட்டு வரை பஸ் பிடித்துப் போய், அதே ஆளிடம் இன்னொரு டப்பா வாங்கி வந்தாள். அந்த நோட்டில் அவள் பெயர் வந்தது அந்த ஒருமுறைதான். எழுதியவள் நான்.

இன்னொரு சம்பவம். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. விசைப்படகில் போகிற ஒரு ஆள். அவர் நாக்குக் குச்சியில் கிருமி இருக்கிறது என்றது மெஷின். அவர் கொடுத்த டப்பாவில் கிருமியே இல்லை. குச்சி என் மேஜையில் பார்த்தது அல்லவா? உடனே எல்லோர் கண்ணும் என்மேல் திரும்பியது. வேறு யாருடைய கிருமியோ என் மேஜையில் சிந்தி அந்தக் குச்சியில் ஒட்டியிருக்கும் என்றார்கள். என் மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, துடைத்ததையும் சோதனைக்குப் போட்டார்கள். லேப்காரிக்கு இதைவிட அவமானம் இல்லை.

அன்று அந்த டப்பாவை வாங்கியது வேறொரு பெண், இவள் லீவு. லீவு முடிந்து வந்ததும் அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி ஏதோ காட்டினாள். இவள் நேராகப் பெரிய டாக்டரம்மாவிடம் போய், "அம்மா, அந்த டப்பா அந்தாளுது இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரியும்மா. நாளைக்கு காலீல அவன் வூட்டாண்ட போறேன்."

போனாள். கதை வெளியே வந்தது. நோய் என்று தெரிந்தால் சீசன் நேரத்தில் படகில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்து, அவர் தன் பெண்டாட்டியின் சளியைத் தன் டப்பாவில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் தானே இருமிக் கொடுத்த நிஜ டப்பாவில் கிருமி இருந்தது. என் மேஜை சுத்தம் என்று நிரூபணமானது. "நல்லவேளை, அவங்க கண்டுபிடிச்சாங்க" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். என் மானத்தைக் காப்பாற்றியவளும் அவள்தான்! நான் அவளுக்கு நன்றி சொன்னேனா? சொன்னேன். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மீன்காரி கண், செவுளைப் பார்த்தே எத்தனை நாள் மீன் என்று சொல்கிற கண், அதனால்தான் டப்பாவைப் பார்த்து ஆளைச் சொல்கிறாள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். திருட்டுத்தனமாக டப்பாக்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எனக்குச் சளிதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம் எனக்கு இருமல் வந்தது. எண்ணூர்க் காற்றில் யாருக்குத்தான் இருமல் இல்லை, நிலக்கரித் தூசி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு வாரம் ஆனது. மூன்று வாரம் ஆனது. சாயங்காலம் லேசான காய்ச்சல், பாவாடை நாடா இரண்டு விரல்கடை உள்ளே வந்தது. இதையெல்லாம் நோயாளிகளிடம் தினமும் கேட்டுக் கேட்டுப் படிவத்தில் டிக் போடுகிறவள் நான். எனக்கே தெரியாதா? தெரிந்தது. ஆனால் அதே மாதம் லேப் சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயர் போயிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக 'இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க' என்று என்னைச் சொல்லப்போகிற நாற்காலி. காசநோய் வந்தவளை லேபுக்குள் விடுவார்களா? மேஜையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாமல்தான் வாங்கிக்கொண்டாள் என்று பேச்சு வராதா?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கும் டப்பா உண்டு. அந்த நாள் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படகுக்காரர் செய்ததைத்தான் செய்தேன். அவருக்குப் பெண்டாட்டி இருந்தாள், எனக்கு ஃபிரீசர் இருந்தது. கிருமி இல்லை என்று முடிவு வந்துவிட்ட ஒருவருடைய மிச்சச் சளி அங்கே இருந்தது. அது ஆராய்ச்சி மாதிரி, சாம்பிள் என்பார்களே, ஆராய்ச்சி முடிகிறவரை தொடக்கூடாதது. அதை எடுத்து, உருகவைத்து, என் பெயர் ஒட்டிய டப்பாவில் ஊற்றினேன். ஏமாற்றாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், நானே ஏமாற்றினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்களே, பொறாமைக்காரிக்கு அதுவும் கிடையாது.

ஊழியர் டப்பாக்களையும் அவள்தான் வாங்கினாள். எல்லோரும் வரிசையாகக் கொடுத்தார்கள். நானும் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி ஒரு ஓரமாக வைத்தாள். நோட்டில் எழுதவில்லை. எல்லோரும் போனபிறகு என் ஜன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இது உன்னோடது இல்ல கண்ணு" என்றாள்.

அன்றைக்கு லேப்பு என்று சொல்லவில்லை. கண்ணு என்றாள்.

"இன்னா பேசுற நீ?" என்றேன். பத்து வருடமாக அடக்கி வைத்திருந்த பிறந்த வீட்டுப் பாஷை அப்படியே வெளியே வந்துவிட்டது. "என் டப்பாவப் பாத்து நீ இன்னா சொல்றது? பத்தாவது படிச்சிட்டு..."

"டப்பாவ எவ பாத்தா?" என்றாள். "நீ புடிச்சிக்கினு வந்த கையப் பாத்தேன். தன் சளின்னா ஒட்டிப் புடிப்பாங்க. உள்ளங்கையில வெச்சிக்கினு வருவாங்க, அசிங்கமே தெரியாது. அடுத்தவங்க சளின்னா ரெண்டு வெரலால விளிம்பப் புடிச்சி தள்ளிக்கினு வருவாங்க. அன்னிக்கு அந்த போட்டுக்காரன் அப்டித்தான் குட்த்தானாம். இன்னிக்கு நீயும் அப்டித்தான் குட்த்த."

கண் இல்லை, கை! இத்தனை நாள் டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல. எவ்வளவு சின்ன விஷயம். அதைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லையே என்றுதான் அந்த நிமிஷத்திலும் தோன்றியது. மாட்டிக்கொண்ட பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

"மூணு வாரமா நீ இருமுறது கேட்டுக்கினுதான் கீறேன்" என்றாள். "நாளைக்கு காலீல உன்னோடத எடுத்துக்கினு வா. நான் கீறேன்."

"குடுக்கலன்னா?"

"யாராண்டயும் சொல்லமாட்டேன். ஆனா தெனம் காலீல உங்கூட்டாண்ட வந்து நிப்பேன். உங்க தெருவுல எல்லாரும் யாரு இவன்னு கேப்பாங்க. டப்பா அக்கான்னு சொல்லுவேன்."

பாவி, செய்வாள்! மறுநாள் விடியும்போதே ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, நோயாளிகளிடம் சொல்கிற அதே வார்த்தைகளை என்னிடம் சொன்னாள். மூக்கால இழு. நிறுத்து. அடிவயித்துலேர்ந்து தள்ளு. எனக்குத் தெரியாததா? ஆனால் எனக்கு வரவில்லை. எச்சில்தான் வந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு அவளும் இருமினாள். மாதாகோயில் மணி அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை நெஞ்சு பிளக்கிற மாதிரி ஒன்று வந்தது. டப்பாவில் பச்சையும் மஞ்சளுமாக, நடுவில் நூல் போல ரத்தம். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதான் உன்னோடது" என்றாள்.

கிருமி இருந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற கிருமிதான். ஆறு மாதம் மாத்திரை. சேதி தெரிந்ததும் பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த வேலையில இருக்கிறவங்களுக்கு வர்றதுதானே? கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. சூப்பர்வைசர் வேலை எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். அவ்வளவுதான்! நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நோயை மன்னித்துவிட்டார்கள். ஆனால் ஃபிரீசரில் கை வைத்ததை மன்னிக்கமாட்டார்கள். ஆராய்ச்சி மாதிரியைத் திருடிய லேப்காரிக்கு எந்த லேபிலும் இடம் கிடையாது. அதை நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து வெளியிலிருந்து ஒரு அதிகாரி கணக்குப் பார்க்க வந்தார். ஃபிரீசரில் இருக்க வேண்டிய சாம்பிள்களில் ஒன்று காலி. கழிவு நோட்டைப் புரட்டினார். அதில் 'எண் இல்லாத டப்பா ஒன்று' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. நான் ஏமாற்றக் கொடுத்த அந்த டப்பாவைத்தான், ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, முறைப்படி அழித்து, அழித்ததை எழுதியும் வைத்திருந்தாள். எதையும் எழுதாமல் விட மாட்டாள். அந்த ஒழுங்கே அவளை மாட்டிவிட்டது.

எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். இது என்ன டப்பா, ஃபிரீசரில் இருந்த சாம்பிள் எங்கே? நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். அவள் எழுந்தாள்.

"நான்தாம்மா. ஃபிரீசர் தொடைக்கறப்போ கை தவறி வுழுந்துட்ச்சி. பயத்துல சொல்லாம வுட்டுட்டேன்."

பெரிய டாக்டரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லக் கூசுகிறது. நன்றி தோன்றவில்லை. 'அப்பாடா, இவளுக்கும் ஒரு கறை விழுந்தது' என்று தோன்றியது. அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷம் எனக்கு உள்ளூர ஜில்லென்று இருந்தது.

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். "ஏன் அப்டி சொன்ன?"

"உனக்கு மாத்திர இன்னும் மூணு மாசத்துக்கு மேல கீது. இங்க கீற வரிக்கும் நான் தெனம் கேப்பேன், நீயும் ஒயுங்கா முயுங்குவ. வேல போச்சின்னா மாத்திரயும் பூடும். எத்தினி பேரப் பாத்துகீறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு இன்னா? மீனு கீது, கடலு கீது. இன்னிக்கு மாத்திர போட்டியா இல்லியா?"

அந்த ஆராய்ச்சி முடிகிறவரை அவளை வைத்திருந்தார்கள். அடுத்த திட்டத்துக்கு எல்லோர் பெயரும் போனது, அவள் பெயர் போகவில்லை. கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். அவள் ஒரு துண்டைத் தாளில் சுற்றி எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் சூப்பர்வைசர் ஆனேன்.

பிறகு எங்கள் ஆராய்ச்சி ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையாக வரத் தயாரானது. எழுதியவர்கள் வரிசையில் கடைசிக்கு முன்னால் என் பெயரும் இருந்தது. கட்டுரையின் முடிவில் ஒரு நன்றிப் பட்டியல், டப்பா வாங்கி வந்த ஊழியர்கள் பெயரெல்லாம். அப்போது வேலையில் இருந்தவர்களின் பட்டியலைப் பார்த்து ஆபீஸில் யாரோ தயாரித்தது. பெரிய டாக்டரம்மா அதை எனக்கு அனுப்பி, யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். படித்தேன். எல்லோரும் இருந்தார்கள், அவளைத் தவிர. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆன பையன்கூட இருந்தான். விரல் விசைப்பலகைமேல் போனது, எடுத்தது, போனது. கடைசியில் 'பட்டியல் சரியாக இருக்கிறது' என்று பதில் போட்டேன். அந்தப் பட்டியலில் சேர்ந்தால் அதிலும் அவள்தான் முதலில் இருப்பாள் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடியது.

கட்டுரை வந்து சில வாரம் கழித்து, எண்ணூரில் ஒரு வேலையாகப் போனவள் மார்க்கெட் வழியாக வந்தேன். கூடைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாத்திர முழுசா முடிச்சியா?"

"முடிச்சேன்."

"ஒரு தபா இருமு."

மார்க்கெட் நடுவில், இத்தனை பேர் பார்க்க, இருமினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லா கீது" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம், "இது எங்க லேப்பு. பெரிய படிப்பு" என்று பெருமையாகச் சொன்னாள். அவள் குரலில் பொறாமை துளியாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நம்ம வேல பொஸ்தகத்துல வந்துகீதாமே? ஆபீஸ் வேன் டிரைவர் சொன்னாரு. என் பேரு கீதா அதுல?"

கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

"கீது" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மொதல் பேரே உன்னோடதுதான்."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "ஏய், கேட்டியாடி? டாக்டருங்க பொஸ்தகத்துல என் பேரு வந்துகீது!" என்று அந்த வரிசைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அந்த எடத்த மட்டும் ஒரு காப்பி எடுத்துக்கினு வா லேப்பு. வூட்ல மாட்டி வெக்கிறேன்" என்றாள்.

உண்மையைத் திருத்தலாம். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிக் கேட்டால் போடுவார்கள். ஆனால் அதற்குப் பெரிய டாக்டரம்மாவிடம் போக வேண்டும். சாம்பிளைக் கெடுத்தவள் பெயர் எதற்கு, பட்டியல் சரி என்றது நீங்கள்தானே என்று அவர் கேட்டால், ஃபிரீசர் வரைக்கும் சொல்லியாக வேண்டும். சூப்பர்வைசர் நாற்காலி போய்விடும். அதனால் நான் என்ன செய்தேன்? அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே அடித்து, பட்டியலில் முதலில் அவள் பெயரைச் சேர்த்து, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டுக்கொண்டேன். எழுத்தின் அளவுகூட மாறவில்லை. எனக்கே நிஜம் போல இருந்தது.

போன வாரம் கொண்டுபோனேன். கூடைக்கு முன்னால் நின்று நீட்டினேன். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்க வந்தவள், வாங்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவள் தாளைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். தாளின் ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, என் உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கூடைக்காரி "இன்னாக்கா, அதானா?" என்று எட்டிப் பார்த்தாள். "இல்லடி, இது வேற ஏதோ ஆபீஸ் காயிதம்" என்றாள் அவள். என்னை விட்டுக்கொடுக்கவில்லை, அங்கேயும்.

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இது என்னோடது இல்ல கண்ணு" என்றாள். "நெசத்த எடுத்துக்கினு வா. எத்தினி நாளானாலும் நான் கீறேன்."

இந்த ஒரு வாரமாகத் தினமும் விடியும்போது மாடிக்குப் போய் நிற்கிறேன். தெருவில் அவள் வந்து நிற்கிறாளா என்று பார்க்கிறேன். வரமாட்டாள், தெரியும். பெரிய டாக்டரம்மாவிடம் நாளைக் காலை நேரம் கேட்டிருக்கிறேன். டப்பா, ஃபிரீசர், பட்டியல் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நாற்காலி போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குப் பெரிய மனசு இல்லை. போகக்கூடாது என்றுதான் இருக்கிறது. அவள்மேல் பொறாமையும் அப்படியேதான் இருக்கிறது, ஆறு மாத மாத்திரைக்குப் போகிற வியாதி இல்லை அது. ஆனால் அவள் பெயர் முதலில் பத்திரிகையில் அந்தப் பட்டியலில் வரட்டும். அது வந்தபிறகு, இதோ இந்தத் தாளிலும் எழுதுகிறேன்.